சிறு டிராக்டரில் மின்கோளாறு: கண்டறிந்து சரிசெய்யும் முறை

திருச்சிக்கு மேற்கே, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பை அடுத்துள்ள ஊர்களில் வாழையும் நெல்லும் முதன்மையான பயிர்கள். ஜீயபுரம், திருப்பராய்த்துறை, பெருகமணி வரையிலும், ஆற்றின் வடகரையிலும், வாழைக் கொல்லைகளில் இன்று சிறு டிராக்டர்களைப் பரவலாகக் காணலாம். 15 முதல் 25 குதிரைத்திறன் வரை உள்ள இவ்வண்டிகள் மூன்றரை முதல் நாலடி அகலமே கொண்டவை. ஆறடி அல்லது ஏழடி இடைவெளியில் நட்ட வாழை வரிசைக்குள் சுழல் கலப்பையுடன் புகுந்து வெளியே வரக் கூடியவை. பெரிய டிராக்டர் இறங்கத் தயங்கும் சிறு வயல்களில் சேற்றுழவுக்கும் இவையே வசதி.

இவ்வண்டிகள் வேலை நேரத்தில் நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் எஞ்சின் அல்ல. மின்சாரத் தொடர்பில் உள்ள சிறு கோளாறே என்பதை அனுபவத்தில் காண்கிறோம். இதைப் பற்றி உழவியல் துறையைச் சேர்ந்த ஒருவர் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். காரணம் இதுதான். வாழையின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் ஓரடி ஆழத்துக்குள்ளேயே படர்கிறது. நட்ட நான்கு, ஐந்து மாதங்களுக்குப் பின் வரிசையிடை உழவு செய்தால் வேர் அறுபடும். ஆகவே இடையுழவுக்குக் கிடைக்கும் காலம் மிகக் குறைவு. அதிலும் பாசனம் விட்டு மண் பதமாக இருக்கும் இரண்டு மூன்று நாட்கள்தான் உழவுக்கு ஏற்றவை. நெல்லிலும் அப்படியே. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது நம் மடைக்கு வரும் நாளில் வண்டி கிளம்பவில்லை என்றால், சேற்றுழவு அடுத்த முறைக்குத் தள்ளிப் போகிறது. நாற்றங்காலில் நாற்று முற்றுகிறது. இருபத்தைந்து நாளில் பறிக்க வேண்டிய நாற்றை முப்பத்தைந்து நாளில் பறித்து நட்டால் தூர் கட்டுவது குறையும். ஒரு தளர்ந்த பாட்டரி முனையினால் விளைச்சல் குறைவது வேடிக்கையாகத் தோன்றினாலும் உண்மை.

மின்சாரம் எங்கெங்கே தேவை

சிறு டீசல் டிராக்டர்களில் இருப்பது 12 வோல்ட்டு மின்னமைப்பு. பாட்டரியின் மைனஸ் முனை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். இதையே எர்த் என்கிறோம். ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் மோட்டாருக்கும் ஒரு கம்பிதான் போகிறது. மின்சாரம் திரும்பி வரும் பாதை வண்டியின் இரும்பு உடம்பே. இதை மனத்தில் இருத்திக் கொண்டால் பாதிக் கோளாறுகள் விளங்கிவிடும்.

பெட்ரோல் எஞ்சினைப் போல டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்திச் சூடேற்றி அதில் டீசலைப் பீய்ச்சுவதால் எரிகிறது. எனவே இயந்திர முறையில் இயங்கும் டீசல் பம்பு உள்ள வண்டி ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால், அதன் பிறகு ஓடுவதற்கு மின்சாரம் ஏறத்தாழ வேண்டியதில்லை. மின்சாரத்தின் முதல் வேலை எஞ்சினைச் சுழற்றுவது. ஸ்டார்ட்டர் மோட்டார், அதாவது நாம் சொல்லும் செல்ப் மோட்டார், இதைச் செய்கிறது. இரண்டாவது, சில ரகங்களில் டீசல் வழியைத் திறந்து வைத்திருக்கும் சாலினாய்டு. மூன்றாவது, சில எஞ்சின்களில் உள்ள குளோ பிளக்கைச் சூடாக்குவது. பிறகு விளக்கு, ஹாரன், அளவுகாட்டிகள். இவற்றுக்குச் செலவாகும் மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் மீண்டும் பாட்டரிக்கு ஊட்டுகிறது. சில சிறு எஞ்சின்களில் ஆல்டர்னேட்டருக்குப் பதில் நிலைக்காந்த டைனமோவும் தனி ரெகுலேட்டரும் இருக்கும்.

கோளாறு பார்க்க இரண்டு கருவிகள் போதும். ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர். மற்றொன்று நாமே செய்து கொள்ளும் சோதனை விளக்கு. இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட்டு, 21 வாட் பல்பு ஒன்றுக்கு இரண்டு முழக் கம்பிகள் இரண்டைப் பற்ற வைத்து, ஒரு நுனியில் முதலை வாய்க் கிளிப்பும் மறு நுனியில் கூரான ஊசியும் இணைத்துக் கொண்டால் சோதனை விளக்கு ஆயிற்று. மீட்டர் காட்டும் எண்ணைக் காட்டிலும் சில இடங்களில் இந்த விளக்கே உண்மையைச் சொல்லும். அறுந்து ஒற்றை இழையில் தொங்கும் கம்பியிலும் மீட்டர் 12 வோல்ட்டு காட்டிவிடும். ஆனால் பல்பை எரிக்க அந்த இழையால் முடியாது.

பாட்டரியில் தொடங்குக

என்ன கோளாறாக இருந்தாலும் முதலில் பாட்டரியைப் பார்க்க வேண்டும். வண்டி ஓடி நின்று சில மணி நேரம் கழித்து, எல்லா சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு இரு முனைகளுக்கும் இடையே மீட்டரை வைத்தால் 12.6 வோல்ட்டு அல்லது சற்றுக் கூடுதலாக இருப்பது முழு நிறைவைக் காட்டும். 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான். உழவர் பலர் 12 வோல்ட்டு காட்டுகிறது, ஆகவே பாட்டரி நன்றாகவே இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். 12 வோல்ட்டு பாட்டரியில் 12.0 என்பது வற்றப்போகும் கிணறு.

அடுத்து, செல்ப் போடும்போது அதே முனைகளில் எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். எஞ்சின் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. நிறைவாகச் சார்ஜ் செய்த பாட்டரியும் இந்த அளவுக்குக் கீழே சரிந்தால் பாட்டரி கெட்டிருக்கலாம், அல்லது செல்ப் மோட்டார் அளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கிறது எனலாம்.

மூடி திறக்கக் கூடிய பாட்டரியில் ஹைட்ரோமீட்டர் கொண்டு ஆறு அறைகளிலும் திராவகத்தின் அடர்த்தியைப் பார்ப்பது மிக நல்ல சோதனை. முழுச் சார்ஜில் இது 1.240 முதல் 1.280 வரை இருக்கும். அளவைக் காட்டிலும் அறைகளுக்கிடையே உள்ள வேறுபாடே முக்கியம். ஐந்து அறைகள் 1.250 காட்ட, ஓர் அறை மட்டும் 1.200க்குக் கீழே இருந்தால் அந்த அறை கெட்டுவிட்டது. எத்தனை முறை சார்ஜ் செய்தாலும் பயனில்லை. தண்ணீர் குறைந்திருந்தால் வாலைவடி நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். நம் ஊர் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் உள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும். திராவகம் ஊற்றவே கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர்தான், திராவகம் அல்ல. முழுதும் மூடிய பராமரிப்பற்ற பாட்டரி என்றால் மீட்டர் சோதனை மட்டுமே செய்ய இயலும்.

பாட்டரியிலிருந்து, குறிப்பாகச் சார்ஜ் ஆகும்போது, எரியும் தன்மையுள்ள ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. பீடி, தீக்குச்சி, தீப்பொறி எதுவும் அருகில் ஆகாது. இரவில் தண்ணீர் மட்டம் பார்க்க லைட்டரைக் கொளுத்திப் பிடிப்பது கண்ணைக் கொடுத்து மட்டம் பார்ப்பதாகும். முனைகளைக் கழற்றும்போது மைனஸ் முனையை முதலில் கழற்றி, பூட்டும்போது கடைசியில் பூட்ட வேண்டும். பிளஸ் முனையை முதலில் கழற்றினால் ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டவுடன் ஷார்ட் ஆகிவிடும். மைனஸ் கழன்றிருந்தால் ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

விளக்கு பளிச்சென்று எரிகிறது, செல்ப் எடுக்கவில்லை

இதுதான் நம் பகுதியில் அடிக்கடி கேட்கும் குறை. விளக்கு நன்றாக எரிகிறதே, ஆகவே பாட்டரியும் தொடர்பும் சரி. செல்ப் மோட்டார்தான் போய்விட்டது என்று மோட்டாரைக் கழற்றிக் கொண்டு போகிறார்கள். அல்லது புதுப் பாட்டரி வாங்குகிறார்கள். புதுப் பாட்டரி சில நாள் ஓடும், பிறகு பழையபடி மக்கர் செய்யும். இரண்டு செலவும் வீணாகப் போவதற்குக் காரணம் ஒரு சிறு கணக்கு. அதைப் புரிந்து கொண்டால் உழவர் தாமே கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம்.

பாட்டரி முனைக்கும் அதைப் பிடித்திருக்கும் கிளாம்புக்கும் நடுவே பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு பூத்திருக்கிறது என்று கொள்வோம். அக்களிம்பு மின்சாரத்தை முழுவதும் தடுப்பதில்லை, சிறிது தடுக்கிறது. அந்தத் தடை 0.02 ஓம் என்று வைத்துக் கொள்வோம். ஒரு முன்விளக்கு 55 வாட் என்றால் அது எடுப்பது சுமார் 4.6 ஆம்பியர். அந்த மின்சாரம் 0.02 ஓம் வழியே போகும்போது இழப்பது 0.09 வோல்ட்டுதான். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. விளக்கு பளிச்சென்றே எரியும். செல்ப் மோட்டாரோ 150 ஆம்பியர் வரை இழுக்கிறது. அதே 0.02 ஓம் வழியே 150 ஆம்பியர் போனால் இழப்பு 3 வோல்ட்டு. ஏற்கெனவே சுமையால் 10.5க்கு இறங்கியுள்ள பாட்டரியில் இன்னொரு 3 வோல்ட்டு போனால் மோட்டாருக்குக் கிடைப்பது ஏழரை. அது எஞ்சினைப் புரட்டுமா? வாய்க்கால் மடையில் சருகு அடைத்திருந்தால் குடத்துக்குத் தண்ணீர் எடுக்கத் தடையில்லை, ஒரு காணி நிலம் பாய்ச்ச முடியாது. அது போலத்தான் இதுவும்.

ஆகவே சோதனையையும் சுமை உள்ளபோதே செய்ய வேண்டும். டீசலை நிறுத்தும் கைப்பிடியை இழுத்து வைத்து எஞ்சின் ஓடாதபடி செய்து கொள்க, கியர் நடுநிலையில் இருக்கட்டும், கைப்பிரேக் போட்டிருக்கட்டும். ஒருவர் இருக்கையில் அமர்ந்து செல்ப் போட, மற்றவர் மீட்டரைப் பிடிக்க வேண்டும். மீட்டரின் சிவப்பு ஊசியைப் பாட்டரியின் பிளஸ் ஈயக் குமிழின் நடுவிலும், கறுப்பு ஊசியைச் செல்ப் மோட்டார் சாலினாய்டில் தடித்த கம்பி வந்து சேரும் போல்ட்டிலும் வைக்கவும். செல்ப் சுழலும்போது மீட்டர் அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். ஒன்றரை, இரண்டு என்று காட்டினால் அந்தக் கம்பி வழியில்தான் கோளாறு. அடுத்து ஊசியை ஈயக் குமிழிலும் கிளாம்பிலும் வைத்துப் பார்க்கலாம். அங்கே அநேகமாக ஒன்றும் காட்டக் கூடாது. காட்டினால் களிம்பு அவ்விடத்தில்தான். இப்படி ஊசியை நகர்த்திக் கொண்டே போனால் கோளாறு உள்ள இணைப்பு தானாகத் தெரிந்துவிடும்.

பிறகு எர்த் பக்கம். பாட்டரியின் மைனஸ் குமிழிலும் செல்ப் மோட்டாரின் வெற்று இரும்பு உடம்பிலும் ஊசிகளை வைத்து அதே சோதனையைச் செய்க. 0.3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. பிளஸ் பக்கத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். எர்த் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. எர்த் கம்பி சட்டத்தில் பூட்டியிருக்கும் போல்ட்டுக்கடியில் பெயிண்டும் துருவும் இருந்தால், சேற்றுழவு செய்யும் வண்டிகளில் அது மேலும் வேகமாகக் கெடுகிறது. அதைக் கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் இறுக்கிப் பூட்டி வாசலின் தடவி விடுவதற்குக் கால் மணி நேரம் ஆகாது. எனக்குத் தெரிந்தவரை, செல்ப் மோட்டார் போய்விட்டது என்று சொல்லப்பட்ட வண்டிகளில் கணிசமானவை இந்தக் கால் மணி நேர வேலையால் கிளம்பியவை.

களிம்பு நம் பகுதியில் அதிகம் பூப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பொட்டாஷ் உர மூட்டைகளை வண்டியில் ஏற்றுகிறோம்; அதே கொட்டகையில் உரத்தையும் வண்டியையும் வைக்கிறோம். மியூரியேட் ஆப் பொட்டாஷ் ஒரு குளோரைடு உப்பு. அதன் தூள் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து செம்பையும் இரும்பையும் அரிக்கும். வாழைக்குப் பொட்டாஷ் அதிகம் இட வேண்டியிருப்பதால் வாழை உழவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உர இருப்பும் டிராக்டரும் ஒரே கூரையின் கீழ் வேண்டாம். களிம்பு பூத்த முனைகளைக் கழற்றி, ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கழுவ வேண்டும். கரைசல் பாட்டரி அறைக்குள் இறங்காதபடி மூடிகளை இறுக்கி வைக்கவும்.

தடித்த கம்பி அறுந்தபோது வீட்டு ஒயரிங் கம்பியை இரண்டு மூன்றாக முறுக்கிப் போடுவதும் ஆகாது. வண்டியோடு வந்த அதே தடிமன் உள்ள செப்புக் கம்பியைப் பட்டறையில் லக் அழுத்திச் செய்து வாங்க வேண்டும். செல்ப் போட்டபின் தொட்டுப் பார்த்தால் எந்த இணைப்பு சூடாக இருக்கிறதோ அந்த இணைப்பே குற்றவாளி. மீட்டர் இல்லாதவர்களுக்கு இதுவே சோதனை.

ஓசையைக் கேட்டு அறிதல்

சாவியைத் திருப்பியதும் வரும் ஓசை பல செய்திகளைச் சொல்லும். டக் டக் டக் என்று வேகமாகத் தொடர்ந்து அடித்தால் பாட்டரி இறங்கியிருக்கிறது அல்லது மேலே சொன்ன இணைப்புக் கோளாறு. சாலினாய்டு இழுக்கிறது, இழுத்தவுடன் மோட்டார் மின்சாரத்தைக் குடித்து வோல்ட்டைச் சாய்க்கிறது, சாலினாய்டு விட்டுவிடுகிறது, மீண்டும் இழுக்கிறது.

ஒரே ஒரு கனத்த ‘டக்’ மட்டும் கேட்டுப் பிறகு அமைதி என்றால் சாலினாய்டு இழுத்துவிட்டது, ஆனால் மோட்டாருக்கு மின்சாரம் போகவில்லை. சாலினாய்டின் இரு பெரிய போல்ட்டுகளிலும் மீட்டர் ஊசிகளை வைத்துச் செல்ப் போட்டுப் பார்க்கவும். சும்மா இருக்கும்போது 12 வோல்ட்டு காட்டுவது இயல்பு. செல்ப் போடும்போது அது ஏறத்தாழ சுழிக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் உள்ளே உள்ள செம்புத் தொடுமுனைகள் தீய்ந்துவிட்டன. இறங்கியும் மோட்டார் சுழலவில்லை என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் அல்லது எஞ்சினே இறுகியிருக்கும். பிரஷ் தேய்ந்த மோட்டார், உடம்பில் மரத்துண்டால் மெல்லத் தட்டினால் ஒருமுறை எடுக்கும். அப்படி எடுத்தால் அன்றைய வேலையை முடித்துக் கொண்டு மறுநாளே பட்டறைக்கு அனுப்பிவிட வேண்டும்.

ஒரு சத்தமும் இல்லை என்றால் சாவி வழியிலுள்ள சிறு கம்பிகளில் தேடுக. சோதனை விளக்கின் கிளிப்பை மைனஸ் முனையில் மாட்டி, ஊசியைச் சாலினாய்டில் உள்ள சிறிய தட்டை முனையில் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லவும். விளக்கு பளிச்சென்று எரிந்தால் சாவி வழி சரி, சாலினாய்டில் கோளாறு. எரியாவிட்டால் பின்னோக்கிப் போக வேண்டும்: உருகி, சாவி சுவிட்சு, பாதுகாப்பு சுவிட்சுகள்.

வெயிலில் ஓடி நின்ற வண்டி சூட்டோடு செல்ப் எடுக்காமல், அரை மணி கழித்து எடுப்பதும் இந்த வழிக் கோளாறாக இருக்கக் கூடும். சாவியிலிருந்து மெல்லிய கம்பி பல இணைப்புகளைத் தாண்டி வருவதால், பழைய வண்டியில் சாலினாய்டுக்கு ஒன்பது வோல்ட்டே வந்து சேரலாம். சூடேறிய சுருளுக்கு அது போதாது. சாவி வழி இணைப்புகளைச் சுத்தம் செய்தும் தீராவிட்டால், ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் சொல்லி ஒரு ரிலே பொருத்திக் கொள்ளலாம். மலிவான, நிலையான தீர்வு.

உயிரைக் காக்கும் சுவிட்சுகள்

கிளட்சுப் பெடலில், கியர் பெட்டியில், பி.டி.ஓ. கைப்பிடியில், சில ரகங்களில் இருக்கைக்கு அடியிலும், சிறு சுவிட்சுகள் பொருத்தப்பட்டுள்ளன. கியர் விழுந்திருக்கும்போதோ சுழல் கலப்பை இணைந்திருக்கும்போதோ செல்ப் எடுக்காமல் தடுப்பதே இவற்றின் வேலை. சேறும் வாழைச் சருகும் அடைத்து இவை அவ்வப்போது வேலை செய்யாமல் போகும். அப்போது பட்டறைகளில் செய்யும் எளிய வைத்தியம், சுவிட்சைக் கழற்றிவிட்டு இரண்டு கம்பிகளையும் முறுக்கி இணைத்துவிடுவது. வண்டி கிளம்பும். ஆனால் அன்று முதல் கியரில் நிற்கும் வண்டியும் சாவியைத் திருப்பியதும் பாயும்.

இதைவிடக் கொடியது, தரையில் நின்றபடி திருப்புளியைச் சாலினாய்டின் இரு முனைகளுக்கும் குறுக்கே வைத்துச் செல்ப் போடும் பழக்கம். இப்படிச் செய்பவர் நிற்பது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே. திருப்புளி வழியே போகும் மின்சாரம் எல்லாப் பாதுகாப்பு சுவிட்சுகளையும் தாண்டிவிடுகிறது. கியர் விழுந்திருந்தால் எஞ்சின் பிடித்த அதே நொடியில் பின்சக்கரம் ஆள்மேல் ஏறும். விலகி ஓட நேரம் இருக்காது. உலகெங்கும் டிராக்டர் விபத்துகளில் உயிர் போகும் வழிகளில் இது நன்கு அறியப்பட்ட ஒன்று. வண்டி சிறியதுதானே என்ற எண்ணம் வேண்டாம். சிறு டிராக்டரின் எடையும் ஆளை நசுக்கப் போதுமானது. கெட்ட சுவிட்சுக்குப் பதில் புதிய சுவிட்சே போட வேண்டும். அதன் விலை ஒரு மூட்டை உரத்தின் விலைக்குள் அடங்கிவிடும்.

எஞ்சின் சுழல்கிறது, பிடிக்கவில்லை

செல்ப் நன்றாகச் சுழற்றியும் எஞ்சின் பிடிக்காவிட்டால், டீசல் வழியில் காற்று புகுந்ததா என்று பார்ப்பதற்கு முன் டீசல் நிறுத்தும் சாலினாய்டைக் கவனிக்கலாம். அது பொருத்திய ரகங்களில் சாவியை முதல் நிலைக்குத் திருப்பியதும் பம்பின் அருகே ‘டிக்’ என்று ஒரு மெல்லிய ஓசை கேட்க வேண்டும். கேட்கவில்லையெனில் அதன் கம்பி கழன்றிருக்கலாம் அல்லது உருகி போயிருக்கலாம். புகைக் குழாயில் சிறிதும் புகை வராமல் சுழல்வது டீசல் போகவில்லை என்பதற்கு அறிகுறி.

வெண்புகை வந்தும் பிடிக்காவிட்டால், குளோ பிளக் உள்ள எஞ்சினில் அதைச் சந்தேகிக்கலாம். திருச்சி வெயிலில் ஆண்டின் பெரும்பகுதி இது தெரியாது. மார்கழி, தை விடியலில்தான் தெரியும். கம்பியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பிளக்கின் தலைக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே ஓம் அளவு பார்த்தால் ஒன்றை ஒட்டி இருக்க வேண்டும். மீட்டர் முடிவில்லாத தடையைக் காட்டினால் அந்தப் பிளக் எரிந்துவிட்டது. நேரடிப் பீய்ச்சல் எஞ்சின்கள் பலவற்றில் குளோ பிளக்கே இருக்காது; தேட வேண்டாம்.

சார்ஜ் ஏறாமை

பாட்டரியை வெளியே சார்ஜ் செய்தால் இரண்டு நாள் ஓடுகிறது, பிறகு இறங்கிவிடுகிறது என்றால் சார்ஜ் அமைப்பைப் பார்க்க வேண்டும். எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டுப் பாட்டரி முனைகளில் மீட்டரை வைத்தால் 13.8 முதல் 14.5 வோல்ட்டு வரை காட்ட வேண்டும். 12.5க்கு மேல் ஏறவே இல்லை என்றால் சார்ஜ் ஆகவில்லை. 15க்கு மேல் போனால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. அப்போது பாட்டரித் தண்ணீர் வாராவாரம் குறையும், பல்புகள் அடிக்கடி போகும்.

முதலில் பேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்துக. 10 முதல் 12 மில்லி மீட்டர் வரை அமுங்கினால் சரி. அதிகம் அமுங்கினால் பெல்ட் வழுக்குகிறது. பிறகு சார்ஜ் விளக்கு. எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் திருப்பியபோது இது எரிய வேண்டும். எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். பல ஆல்டர்னேட்டர்களில் இந்தச் சிறு பல்பு வழியே போகும் மின்சாரம்தான் உள்ளே காந்தப் புலத்தைத் தொடங்கி வைக்கிறது. பல்பு போனால் விளக்கு எரியாதது மட்டுமல்ல, சார்ஜும் ஏறாமல் போகலாம். எரியாத விளக்கைக் கண்டு நிம்மதி அடைபவர்கள் உண்டு!

எஞ்சின் ஓடும்போது பாட்டரி முனையைக் கழற்றிப் பார்த்து ‘டைனமோ வேலை செய்கிறதா’ என்று சோதிப்பது பழைய டைனமோ காலத்து வழக்கம். இன்றைய ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் திடீரென எழும் மிகை வோல்ட்டு டயோடுகளை எரித்துவிடும். பிளஸ், மைனஸ் மாற்றிப் பூட்டினாலும் அதே கதி. கேஜ் வீலையோ சுழல் கலப்பையையோ வண்டியோடு சேர்த்தே வெல்டிங் வைக்கும் வழக்கம் கிராமப் பட்டறைகளில் இருக்கிறது. வெல்டிங் வைக்குமுன் கருவியை வண்டியிலிருந்து பிரித்து விடுவது நல்லது. முடியாவிட்டால் பாட்டரியின் மைனஸ் முனையையும் ஆல்டர்னேட்டர் கம்பிகளையும் கழற்றிவிட வேண்டும்.

இரவில் தானாக இறங்கும் பாட்டரிக்கு, மைனஸ் கிளாம்பைக் கழற்றி, அதற்கும் முனைக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் அளவில் இணைத்துப் பார்க்கலாம். எல்லாம் அணைந்த நிலையில் 0.05 ஆம்பியருக்கு மேல் ஓடக் கூடாது. வெளியே பொருத்திய பாட்டுப் பெட்டி, கூடுதல் எல்.இ.டி. விளக்குகள் இவற்றின் வழியே அரை ஆம்பியர் கசிந்தால், 40 ஆம்பியர் மணிப் பாட்டரி நான்கு நாட்களுக்குள் வெறுமையாகும். மீட்டர் இணைந்திருக்கும்போது செல்ப் போட்டால் மீட்டர் பழுதாகும் என்பதை மறக்க வேண்டாம்.

உருகி, விளக்கு, அவசர ஸ்டார்ட்

உருகி போனால் காரணம் தேடாமல் சிகரெட் தாளையோ செம்புக் கம்பியையோ சுற்றிப் போடுவது, கம்பி முழுவதையும் உருகியாக்குவதாகும். காய்ந்த வாழை மட்டையும் வைக்கோலும் சூழ்ந்த இடத்தில் ஓடும் வண்டி இது. ஒரு விளக்கைப் போட்டால் மற்றொன்று மங்கலாகவோ இண்டிகேட்டரோடு சேர்ந்தோ எரிந்தால் எர்த் சரியில்லை. விளக்குக் கூட்டின் திருகைக் கழற்றித் துரு தேய்த்துப் பூட்டுக.

மற்றொரு வண்டியின் பாட்டரியிலிருந்து கம்பி இழுத்து ஸ்டார்ட் செய்யும்போது அதுவும் 12 வோல்ட்டா என்று கேட்டறிய வேண்டும். லாரிகள் பல 24 வோல்ட்டு. பிளஸ்ஸுக்குப் பிளஸ் இணைத்தபின், மைனஸ் கம்பியின் கடைசி நுனியை நம் பாட்டரி முனையில் மாட்டாமல், பாட்டரிக்குத் தள்ளி எஞ்சினின் வெற்று இரும்பில் மாட்டுக. கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். அது பாட்டரி வாயுவின் அருகே பறக்கக் கூடாது. ஆற்றங்கரைச் சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்வது, எஞ்சின் பிடிக்காமல் போனால் வண்டி ஆற்றில் நிற்கும் என்பதால், வேண்டவே வேண்டாம்.

மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி உள்ள புதிய ரகங்களிலும், உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டிகளிலும் பாட்டரி, எர்த், உருகி, பெல்ட் இவற்றோடு நிறுத்திக் கொண்டு மற்றதை நிறுவனப் பணியாளரிடம் விடவும். பட்டறைக்குப் போகும்போது, ஓய்வில் எத்தனை வோல்ட்டு, செல்ப் போடும்போது எத்தனை, ஓடும்போது எத்தனை என்ற மூன்று எண்களை எழுதிக் கொண்டு போனால், தேவையில்லாத பொருள் மாற்றுவதைத் தவிர்க்கலாம். சிறுகமணியில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திலும், குமுளூர் வேளாண்மைப் பொறியியல் கல்லூரியிலும் கருவிகள் பற்றிய ஐயங்களைக் கேட்டறியலாம்.

வேலையில்லாத மாதங்களில் வண்டியைக் கொட்டகையில் விடும்போது மைனஸ் முனையைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை பாட்டரியைச் சார்ஜ் செய்க. இறங்கிய நிலையிலேயே கிடக்கும் பாட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். நெல் மூட்டைகளை வண்டியின் அருகே அடுக்க வேண்டாம். எலி நெல்லுக்கு வந்து கம்பியைக் கடித்துவிட்டுப் போகும். அறுவடைக்குப் பின் மூடியைத் திறந்து கம்பிக் கட்டை முழுவதும் ஒருமுறை கையால் தடவிப் பார்த்து, தோல் உரிந்த இடங்களில் இன்சுலேஷன் டேப் சுற்றி, கூர்மையான தகட்டு விளிம்பில் உரசாமல் கட்டிவிடவும்.